சாந்தம்மா லாரிக்கு எண்ணெய் பிரேக்

சூளகிரிச் சந்தையில் பானைகள் உடைந்த அன்றுதான், தன் லாரிக்கு நல்ல பிரேக் வைத்தே தீருவது என்று சாந்தம்மா முடிவு செய்தாள்.

அதுவரைக்கும் அந்த லாரி எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த அவள் புருஷன் வாங்கிப்போட்ட வண்டி அது. யுத்தம் தொடங்கும்போதே பழசாகியிருந்தது. புருஷன் இறந்த பிறகு மண்டியையும் லாரியையும் அவளே கட்டி மேய்த்தாள். கோடையில் லாரி மாம்பழம் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகும். திரும்பும்போது தளியிலிருந்து ஓசூருக்கு வந்து கிடக்கும் கோஸையும் உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மேலுமலை இறக்கத்தில் இறங்கி ஊர் வந்து சேரும். அவள் பஸ்ஸில் போகிறவள். அன்றைக்கு ஓசூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு, பஸ் தவறிவிட்டதால் லாரியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சூளகிரியில் சந்தைக் கூட்டம் ரோடு வரைக்கும் வழிந்திருந்தது. டிரைவர் சென்றாயன் பிரேக்கைத் தேடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஓரம் போங்க! ஓரம் போங்க!" என்று சாவகாசமாகக் கத்தினான். பின்னால் தொங்கிக்கொண்டு வந்த கிளீனர் மாதப்பன் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து, லாரியோடு கூடவே ஓடினான். அவன் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடுவதற்குள் லாரி பானைக்காரனுடைய அடுக்குக்குள் புகுந்துவிட்டது. வேகமாகக்கூடப் போகவில்லை. ஒவ்வொரு பானையாக உடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"பிரேக்கு இல்லியா இந்த வண்டிக்கு?" என்று கேட்டாள் சாந்தம்மா.

"இருக்குதும்மா. அத நம்பி வண்டி ஓட்ட முடியாது."

"பின்ன எத நம்பி ஓட்டற?"

"மாதப்பன" என்றான் சென்றாயன்.

மறுநாளே லாரி ஓசூரில் நூர் முகமதுவின் பட்டறைக்கு வந்தது. யுத்த காலத்தில் பெங்களூரில் ராணுவ லாரிகளைப் பிரித்துப் பூட்டிக் கை பழகியவன் நூர் முகமது. கோபக்காரன் என்று ஊரில் பெயர். ஆனால் கோபம் முழுவதும் இரும்போடுதான். கழலாத நட்டைத் திட்டுவான், மரை தேய்ந்த போல்ட்டைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிவான். மனிதர்களிடம் மட்டும், "சரி சரி, உடுங்க" என்று போய்விடுவான்.

நூர் முகமது லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பிரேக் மிதியிலிருந்து நாலு சக்கரத்துக்கும் இரும்புக் கம்பிகள் போயிருந்தன. மிதித்தால் ஒரு கம்பி இழுத்தது, ஒரு கம்பி இழுக்கலாமா என்று யோசித்தது, மற்ற இரண்டும் சும்மா இருந்தன. ஸ்டீரிங்கை அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் முன்சக்கரம் லேசாக அசைந்தது.

"இத ஓட்டிக்கிட்டு மேலுமலை இறங்கறீங்களா?" என்று சென்றாயனிடம் கேட்டான்.

"பதினெட்டு வருசமா இறங்கறேன் பாய். ஒரு உசுரு போனதில்ல."

நூர் முகமது சாந்தம்மாவிடம் தன் யோசனையைச் சொன்னான். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட ராணுவ லாரி ஒன்று பெங்களூரில் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது. அதன் அச்சு, டிரம், எண்ணெய் பிரேக், ஸ்டீரிங் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து இந்த வண்டியில் பூட்டிவிடலாம். மிதித்தால் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தி, நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கும். திருப்பினால் திரும்பும்.

"மாங்கா சீசனுக்கு முந்தி முடிச்சிடு பாய்" என்றாள் அவள்.

சென்றாயன் பட்டறை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு, "வீண் வேல" என்றான்.

வீண் வேலை இல்லை. ஆனால் சள்ளை பிடித்த வேலையாக இருந்தது. ராணுவ லாரியின் அச்சு அகலம், இந்த வண்டியின் சட்டம் குறுகல். ஸ்பிரிங்கை நகர்த்தினால் அச்சு உட்கார்ந்தது, அச்சு உட்கார்ந்தால் சக்கரம் மட்கார்டில் இடித்தது. ஸ்டீரிங் தண்டு ஒரு சாண் நீளமாக இருந்தது. அதை வெட்டிப் பற்றவைக்கக் கொல்லனிடம் கொடுத்தால், அவன் கோணலாகப் பற்றவைத்துவிட்டு, "லாரிதான் கோணல்" என்றான். நூர் முகமது அதை மறுபடியும் அறுத்தான். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி அஸ்மத், லாரிக்கு அடியிலிருந்து வந்த வசவைக் கேட்டு, தூக்கை வெளியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு எண்ணெய் இல்லை.

பிரேக் எண்ணெய் ஓசூரில் கிடைக்காது. அந்த வாரம் பெங்களூரிலும் டப்பா வரவில்லை. அங்கே நூர் முகமதுவோடு முன்பு வேலை செய்த ஒருவர், விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து இரண்டு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். யுத்த காலத்தில் எல்லோரும் செய்ததுதான். நூர் முகமது பாட்டில்களைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பெங்களூர் இருந்த மைசூர் ராஜ்யத்தில் சாராயக் கடைகள் திறந்திருந்த காலம் அது. எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்தால் மதுவிலக்கு. சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, ஒரு கான்ஸ்டபிள் பை பையாக மோந்துகொண்டே வந்தார். நூர் முகமதுவின் பாட்டிலில் தக்கையைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"என்னாய்யா இது?"

"பிரேக்குக்கு ஊத்தற எண்ணெய்ங்க."

"ஸ்பிரிட்டு வாசனை அடிக்குது."

"ஸ்பிரிட்டும் இருக்குதுங்க. விளக்கெண்ணெயும் இருக்குது."

"விளக்கெண்ணெய் என்னாத்துக்கு? வாசனைய மறைக்கவா?"

"சார், விளக்கெண்ணெய் கலந்த சாராயத்த எவனாச்சும் குடிப்பானா? குடிச்சா அவன் கதி என்னாவறது?"

கான்ஸ்டபிள் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் ஆளு இருக்கறாங்கய்யா" என்றார். "எறங்கு."

பஸ் போய்விட்டது. ஏட்டு வரும் வரைக்கும் நூர் முகமது சாவடிக்கு வெளியே, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். வெயில் தாழ்ந்த பிறகு வந்த ஏட்டு, எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். தன் சைக்கிள் சங்கிலிக்கு அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, "போ போ" என்றார். அடுத்த பஸ் இல்லாததால் நடந்தே ஊருக்கு வந்தான்.

வாசலில் அஸ்மத் நின்றுகொண்டிருந்தாள். அவனை முந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்கள் செய்தியைக் கொண்டுவந்திருந்தார்கள்.

"பாட்டிலோட புடிச்சி உக்கார வெச்சிருந்தாங்களாமே? பள்ளிவாசல்ல இருந்து ரெண்டு பேரு வந்து விசாரிச்சிட்டுப் போறாங்க."

நூர் முகமது பாட்டிலைத் திறந்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"இதுக்கு சாராயமே தேவல" என்றாள்.

மறுநாள் எண்ணெயை ஊற்றி, குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றினார்கள். மாதப்பன் மேலே உட்கார்ந்து மிதியை அழுத்த, நூர் முகமது கீழே படுத்து, "புடி... உடு... புடி..." என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சக்கரமாகப் போனான். கடைசியில் மிதி கல் மாதிரி கெட்டியாக நின்றது. நூர் முகமது வண்டியை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் ஒரு ஓட்டம் போய் வந்தான். பட்டறை வாசலில், வண்டியை எடுத்துப்போக வந்திருந்த சாந்தம்மாவின் கால் விரலுக்கு ஒரு கஜம் முன்னால் வந்து நிறுத்தினான். அவள் நகரக்கூட இல்லை. கும்பிட்டாள்.

சென்றாயன் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினான்.

அந்த வாரமே வந்துவிட்டான். "வண்டி பாம்பு மாதிரி நெளியுது பாய். ஸ்டீரிங்கு சரியில்ல."

நூர் முகமது ஸ்டீரிங் பெட்டியைத் திறந்து பார்த்தான். சக்கரங்களை அளந்தான். ஓட்டிப் பார்த்தான். லாரி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. "ஒண்ணும் இல்ல, சென்றாயண்ணா. சரியா இருக்குது."

"உனக்குச் சரியா இருக்குது. எனக்கு நெளியுது."

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும். இந்தத் தடவை பிரேக் பிடிக்கவில்லையாம். சக்கரத்து டிரம்மைக் கழற்றினான், உள்ளே உரசிப் பிடிக்கும் லைனிங் பட்டை புதுசாகவே இருந்தது. குழாயில் கசிவு இல்லை. மறுபடியும் பூட்டினான். அதற்கடுத்த தடவை பிரேக் பிடித்துவிட்டதாம். சடாரென்று பிடித்ததில் மேல் அடுக்கு மாம்பழக் கூடைகள் முன்னால் சரிந்து, அத்திப்பள்ளியில் ரோடெல்லாம் பழமாம். "புடிக்கலன்ன, புடிக்குதுன்ற. என்னாதான் வேணும் உனக்கு?" என்று நூர் முகமது கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான்.

"வண்டி வண்டியா இருக்கணும்" என்றான் சென்றாயன்.

நூர் முகமதுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரும்பில் குற்றம் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். குற்றமே இல்லாத இரும்பை எத்தனை தடவைதான் கழற்றி மாட்டுவது? ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை கெட்டது. கொல்லன்கூட, "லாரிதான் கோணல்னு அப்பவே சொன்னேன்" என்றான்.

கடைசியில் சாந்தம்மாவே பஸ் ஏறி வந்துவிட்டாள். சென்றாயனும் மாதப்பனும் லாரியில் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

"பாய், சீசன் போவுது. இவன் தெனம் ஒரு நொட்டை சொல்றான். பேசாம பழைய ஸ்டீரிங்கயே மாட்டிக் குடுத்துடு. பழைய பிரேக்கே இருக்கட்டும். என் தலையெழுத்து."

நூர் முகமது கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். எறியவில்லை. சத்தம் வராமல் வைத்தான். வெளியே சோடாக் கடைப் பக்கம் நடந்தான். பின்னாலேயே மாதப்பன் வந்தான். நாற்பது வயதுக்கு மேல் ஆனவன். கட்டையோடு ஓடி ஓடி ஒரு முழங்கால் வீங்கியே இருக்கும்.

"பாய், நான் சொன்னேன்னு சொல்லாத" என்றான். "அவரு பிரேக்க மிதிக்கறதே இல்ல."

"என்னாது?"

"மிதிக்கறதே இல்ல. முந்தி எப்பிடியோ அப்பிடியேதான். மலை மேலயே கியரைக் குறைக்கறாரு. ஆரன் அடிக்கறாரு. கத்தறாரு. நிக்கணும்னா மண்மேட்டுல சக்கரத்தத் தேய்க்கறாரு. நான் இன்னும் கட்டையத் தூக்கிட்டுத்தான் ஓடறேன். எப்பயாச்சும் கால் பட்டா மூணு தடவ ஓங்கி மிதிக்கறாரு, அப்பிடி மிதிச்ச அன்னிக்கித்தான் பழம் கொட்டிச்சி."

"ஸ்டீரிங்கு?"

மாதப்பன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டீரிங்கை இடதும் வலதுமாக ஓயாமல் ஆட்டிக் காட்டினான். பழைய ஸ்டீரிங்கில் அரைச் சுற்று ஆட்டம் இருந்தது. பதினெட்டு வருஷமாக அந்த ஆட்டத்தை ஈடுகட்டி ஈடுகட்டி ஓட்டிய கை, ஆட்டம் போன பிறகும் நிற்கவில்லை. புது ஸ்டீரிங் அந்தக் கை சொன்னதையெல்லாம் உடனே செய்தது. லாரி நெளியாமல் என்ன செய்யும்?

நூர் முகமது குடித்துக்கொண்டிருந்த சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்.

"எல்லாரும் வண்டில ஏறுங்க. மத்திகிரி ரோட்டுக்குப் போலாம்."

மத்திகிரி மாட்டுப் பண்ணைக்குப் போகும் ரோடு நேரானது, ஆள் நடமாட்டம் குறைந்தது. இரண்டு பக்கமும் மழைக்குப் பிறகு உழுதுபோட்ட நிலங்கள். நூர் முகமது ஒரு காலி டின்னை ரோட்டின் நடுவில் வைத்தான்.

"அந்தாண்டயிருந்து வாங்க. டின்னுக்கு முன்னால நிறுத்துங்க. கியரைத் தொடக் கூடாது. பிரேக்கு மட்டும். ஒரே மிதி."

சென்றாயன் வந்தான். எட்டத்திலேயே கியரைக் குறைத்தான். டின்னைச் சுற்றிக்கொண்டு போய், நாலு மரம் தள்ளி நின்றான்.

"மறுபடி."

மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை ஆரன் அடித்தான்.

"டின்னுக்கு எதுக்குய்யா ஆரன்?" என்று கத்தினான் நூர் முகமது. சாந்தம்மா வேப்பமரத்தடியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "தேவுடா" என்று மட்டும் சொன்னாள்.

வெயில் ஏறியது. டின்னுக்குப் பதில் பெரிய கல்லை வைத்தார்கள். அதையும் சுற்றிக்கொண்டு போனான். மரக்கிளையைக் குறுக்கே போட்டார்கள். அதன் மேல் ஏற்றிக்கொண்டு போனான். ஒவ்வொரு தடவையும் லாரி திரும்பி வரும்போது சென்றாயனின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. நூர் முகமதுவின் தொண்டை கட்டிவிட்டது. அவன் வாழ்க்கையில் இத்தனை நேரம் ஒரு மனிதனைத் திட்டியதில்லை.

கடைசியில் அவன் கல்லைப் புரட்டி ஓரமாகத் தள்ளினான். ரோட்டின் நடுவில் தானே போய் நின்றான்.

"பாய்!" என்று எழுந்தாள் சாந்தம்மா.

"சும்மா இருங்கம்மா. என் கையால பூட்டின பிரேக்கு. மிதிச்சா நிக்கும். மிதிக்கலன்னா ஏத்திட்டுப் போவட்டும். எனக்கும் அலுத்துப் போச்சி."

லாரி வந்தது. சென்றாயன் அவனைப் பார்த்துவிட்டான். ஆரன் அலறியது. "ஓரம் போ! ஓரம் போ பாய்!" நூர் முகமது போகவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் சக்கரம் திரும்பியதையும் அவன்தான் முதலில் பார்த்தான். சென்றாயன் பிரேக்கை மிதிக்கவில்லை. பழைய லாரியைத் திருப்புகிற மாதிரி ஸ்டீரிங்கை முழுப் பலத்தோடு ஒடித்தான். புது ஸ்டீரிங் சொன்ன சொல் தட்டாமல் திரும்பியது. லாரி ரோட்டைவிட்டு இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, உழுத நிலத்துக்குள் பாதி சக்கரம் வரைக்கும் புதைந்து நின்றது.

சென்றாயன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. நூர் முகமதுவின் சட்டையைப் பிடித்தான்.

"கொலைகாரனாக்கப் பாத்தியா என்னை? பதினெட்டு வருசம்! ஒரு உசுரு போனதில்ல என் கையால!"

"மிதிச்சியா? அத சொல்லு. மிதிச்சியா?"

"மிதிச்சி நிக்கலன்னா?"

"நிக்கும்யா!"

"நீ சொல்ற! முந்தி பூட்டினவனும் அப்பிடித்தான் சொன்னான். மொதலாளி வண்டிய வாங்கின புதுசுல, நிக்கும்டா, நிக்கும்டான்னு சொல்லித்தான் குடுத்தாங்க. மேலுமலைல மொத நாளே மிதிச்சேன். தரைய மிதிச்ச மாதிரி இருந்திச்சி. அன்னிக்கு எப்பிடிக் கீழ வந்து சேந்தேன்னு எனக்கே தெரியாது. அப்பயே முடிவு பண்ணிட்டேன். காலை நம்பக் கூடாது, கைய நம்பணும்னு. இப்ப நீ வந்து என் கையும் தப்புன்ற." அவன் குரல் உடைந்தது. "வண்டி நெளியும்போது எனக்கு எப்பிடி இருக்குது தெரியுமா? வயசாயிடிச்சி, கை போயிடிச்சின்னு நெனச்சேன் பாய். அதான் ஸ்டீரிங்கு சரியில்லன்னு சொன்னேன்."

நூர் முகமது தன் சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

நிலத்துக்காரர் ராமப்பன் அதற்குள் கன்னடத்திலும் தெலுங்கிலுமாகத் திட்டிக்கொண்டே வந்துவிட்டார். சாந்தம்மா அவரைத் தெலுங்கில் சமாதானம் செய்து, அவருடைய மாடுகளையே லாரிக்குப் பூட்ட வைத்தாள். மாடு இழுக்க, ஆட்கள் தள்ள, வண்டிக்குள் ஒருவர் உட்கார வேண்டியிருந்தது. சென்றாயன் மாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் உக்காரட்டுமா?" என்றான் மாதப்பன்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள் சாந்தம்மா.

"லைசென்சு இருக்குதும்மா. எடுத்து ரொம்ப வருசம் ஆச்சி. இந்த வண்டிய அண்ணன் தவிர யாரும் ஓட்ட முடியாதுன்னு நெனச்சி, குடுங்கன்னு நான் கேக்கல."

மாதப்பன் வண்டியை ரோட்டுக்கு ஏற்றி, மத்திகிரி வரைக்கும் ஓட்டிப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். வேப்பமரத்தடியில், ஒரே மிதியில், குலுங்காமல் நிறுத்தினான். சென்றாயன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"கோஸ் ஏத்தணும்" என்றாள் சாந்தம்மா. "இன்னிக்கி மாதப்பன் ஓட்டட்டும். சென்றாயா, நீ கூட உக்காந்து வா. பாய், நீயும் வா. நான் பஸ்ஸுல போறேன். எனக்கு இன்னிக்கிப் பாத்தது போதும்."

அப்படித்தான் அந்த மத்தியானம் லாரி கோஸ் மூட்டைகளோடு கிருஷ்ணகிரிக்குக் கிளம்பியது. ஓட்டுவது மாதப்பன். நடுவில் நூர் முகமது. மறுபக்கக் கதவோரம் சென்றாயன். பின்னால் கட்டையோடு தொங்க ஆள் இல்லாததால் அதை அவன் மடியில் வைத்திருந்தான். சூளகிரி தாண்டும் வரைக்கும், எதிரே வண்டி வரும்போதெல்லாம் சென்றாயனின் வலது கால் தரைத் தகட்டை அழுத்துவதை நூர் முகமது கவனித்தான். கைகள் கட்டையின் மேல் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டிருந்தன.

மேலுமலை இறக்கம் தொடங்கியது. மாதப்பன் கியரைக் குறைத்து நிதானமாக இறக்கினான். ஒரு வளைவைத் திரும்பியதும் ரோடு முழுவதும் ஆட்டு மந்தை. இடைவெளியே இல்லை. மேய்ப்பவன் எங்கோ பாறை மேல் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

சென்றாயன் கதவைத் திறந்து, கட்டையோடு ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். மாதப்பன் மிதித்தான். லாரி மெதுவாக, பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு, சரிவின் நடுவில் நின்றது. பின்னால் உருளவும் இல்லை, முன்னால் நகரவும் இல்லை. ஆடுகள் ரேடியேட்டரை உரசிக்கொண்டு போயின.

சென்றாயன் கீழே இறங்கினான். கட்டையைப் போடுவதற்காகத்தான் இறங்கியிருப்பான்; ஆனால் போடவில்லை. லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பின்சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். மூட்டைகளைப் பார்த்தான். ஆடுகள் போய் வெகுநேரம் ஆன பிறகும் அங்கேயே நின்றான். பின்னால் வந்து நின்ற ஒரு வண்டிக்காரன், "யாருய்யா வழியில?" என்று சத்தம் போட்டான்.

சென்றாயன் மாதப்பன் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"தள்ளு."

மாதப்பன் நூர் முகமதுவைப் பார்த்தான். நூர் முகமது தலையசைத்தான்.

சென்றாயன் உட்கார்ந்து, ஸ்டீரிங்கை இறுகப் பிடித்தான். கை ஆட ஆரம்பித்தது. "ஆட்டாதண்ணா, சும்மா புடிச்சிக்கினு இரு, அதுவே போவும்" என்றான் நூர் முகமது. லாரி நகர்ந்தது. இருபது அடி போயிருக்காது. சென்றாயன் மிதித்தான். நின்றது. மறுபடியும் கிளப்பினான். மிதித்தான். நின்றது.

"ரோட்டுல ஒண்ணும் இல்லியே. எதுக்கு நிறுத்தற?" என்று கேட்டான் நூர் முகமது.

"நிக்குதான்னு பாத்தேன்."

அடுத்த வளைவில் பார்த்தான். அதற்கடுத்த புளியமரத்தில் பார்த்தான். ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது, அதற்காகவும் பார்த்தான். பின்னால் வந்த மாட்டு வண்டிகள் எல்லாம் லாரியைத் தாண்டிப் போயின. ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, வண்டி ஓட்டத் தெரியாதவன் ஏன் மலைக்கு வருகிறான் என்று கேட்டுவிட்டுப் போனான். பதினெட்டு வருஷம் மேலுமலை இறங்கியவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குருபரப்பள்ளி வருவதற்குள் டிரம்மிலிருந்து கருகல் நாற்றம் அடித்தது. நூர் முகமது தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"இறக்கத்துல கால வெச்சிக்கினே இருந்தா லைனிங்கு எரிஞ்சி போவும்! தேவைன்னா மட்டும் மிதிக்கணும். உனக்கு எப்பிடிய்யா சொல்றது நான்?"

"சரி பாய்" என்றான் சென்றாயன், மிதித்துக்கொண்டே.

மண்டிக்கு வந்து சேர்ந்தபோது சாந்தம்மா அவர்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்து, வாசலில் காத்திருந்தாள். யார் ஓட்டி வருகிறார்கள் என்று பார்த்தாள். மாதப்பனுக்கு அந்த சீசனில் இன்னொரு வேலை கிடைத்தது: சென்றாயனுக்கு உடம்பு முடியாத நாளிலும், அலுப்பாக இருக்கிற நாளிலும் லாரியை அவன் ஓட்டினான். பின்னால் தொங்க அதன்பிறகு ஆளே போடவில்லை.

மாம்பழம் முடிவதற்குள் லாரி நூர் முகமதுவின் பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டது. சென்றாயனே ஓட்டி வந்தான். வாசலில் சரியாக நிறுத்தினான். நூர் முகமது டிரம்மைக் கழற்றினான். உள்ளே லைனிங் என்று ஒன்று இல்லை. அதைப் பிடித்திருந்த ஆணிகள் மட்டும் பளபளத்தன. அவன் டிரம்மை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"இது ரெண்டு வருசம் வரும்னு சொன்னேன். எத்தினி தடவதான்யா மிதிச்ச?"

சென்றாயன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான்.

"எண்ணல பாய்" என்றான். "மிதிச்சப்பல்லாம் நின்னிச்சி."